முன் அனுபவம் உண்டா

துலூத்தில் மார்ச் மாதம். ஏரி இன்னும் இளகவில்லை.
மேசைமேல் என் நான்கு வருடங்கள்
எட்டுக் கட்டங்களாய் அச்சாகிக் கிடக்கின்றன,
கட்டத்துக்குப் பதினைந்து கிரெடிட்.
பென்சிலால் எழுதுங்கள் என்கிறான் க்வின் பெல்லாங்கர்,
ஓவியத் துறையின் ஆலோசகன்,
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்,
காது மடலில் அச்சு மை.

அச்சுக்கலை இரட்டைப்படை ஆண்டுகளில் மட்டும்.
சூளை பழகாமல் சிற்பம் இரண்டுக்குப் போக முடியாது.
கணிதம் ஒன்று கட்டாயம்,
எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள், நீங்கள் தள்ளாதீர்கள்.
எழுதுகிறேன், அழிக்கிறேன்.
வண்ணக் கோட்பாட்டை ஜனவரிக்கு நகர்த்தினால்
கலை வரலாறு போய் வியாழக்கிழமையில் முட்டுகிறது.
வியாழன் இரவு எனக்கு ஓட்டல் சலவை.
தலைக்கு இழுத்தால் கால் தெரிகிற போர்வைகளை
அங்கேயும் மடிக்கிறேன், இங்கேயும்.

முதல் கட்டத்தில் விரல் வைக்கிறான்:
உருவ வரைவு ஒன்று. திங்கள், புதன். காலை எட்டு மணி.
அறை இருநூற்றுப் பதினான்கு.
மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கும்.
முன் அனுபவம் உண்டா?
படிவத்தில் அதற்கு ஒரு விரற்கடை இடம்.

ஆறு வருடம் என்றேன்,
மறுபக்கத்திலிருந்து.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்த அறையின் மேடை இடது ஓரத்தில் ஆடும்,
அட்டையை மடித்துச் செருகியவள் நான்.
ஹீட்டர் ஒரு பக்கத்தை மட்டும் சுடும்;
ஒரு தொடை வேக, மறு தொடை புல்லரிக்கும்.
இருபது நிமிட நிலையில்
பதினான்காம் நிமிடம் பாதம் மரத்துப்போகும்.
துடிக்கிற குழல்விளக்கின் கீழ் அம்மணமாய் நின்று
மூச்சை எண்ணியபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்:
எடை எந்தக் காலில் இருக்கிறது, பார்.
கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கும் காற்றை வரை.
உன் தாளைப் பார்த்தது போதும், அவளைப் பார்.

ஓய்வு நேரத்தில் அங்கியைச் சுற்றிக்கொண்டு
தாங்கிகளுக்கிடையே நடப்பேன்.
பதினெட்டுத் தாள்களில் பதினெட்டுப் பெண்கள்,
ஒருத்திக்கும் முகமில்லை,
முகம்வரை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.
ஒரு பையன் மட்டும் என் குடல்வால் தழும்பைப்
போட்டிருந்தான், பக்கம் மாற்றி.
திருத்த என் விரல் எழுந்தது.
கரித்துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
அன்றுதான் இது தொடங்கியது என்று நினைக்கிறேன்.

க்வின் விதிகளைப் புரட்டுகிறான்.
நின்றதற்குக் கிரெடிட் கிடையாது.
வரைந்ததற்குக் கிடைக்கலாம், பன்னிரண்டு படங்கள் காட்டினால்.
என்னிடம் ஒன்பது இருக்கின்றன,
சலவைச் சீட்டுகளின் பின்புறத்தில், ஓட்டல் பென்சிலில்.
ஒன்பது போதாது என்கிறான். குரலில் வருத்தம் இருந்தது, உண்மையாகவே.

இன்னொரு சிக்கலையும் சொன்னேன்.
திங்கள், புதன், எட்டு மணி என் வேலை நேரம்.
மணிக்கு இருபத்திரண்டு டாலர்,
அதைச் சேர்த்துத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே என்றான்.
ஆறு வருடமாய் அதைத்தானே செய்தேன்,
உடம்பு மேடையில்,
கண் அவர்கள் தாள்களில்.
சொல்லவில்லை. பென்சிலைச் சீவினேன்.

பிறகு முதல் கட்டத்தில் எழுதினேன், அழுத்தி,
அழித்தாலும் பள்ளம் நிற்கிற மாதிரி.

அப்படியென்றால் செப்டம்பரில் யார் நிற்பார்கள்?
அவன் தன்னிடமே கேட்டுக்கொண்டான்.
யாரையாவது தெரியுமா உங்களுக்கு?
சலவைக்கூடத்து ஓடெல் நினைவுக்கு வந்தான்,
உலர்த்தியில் சாய்ந்து நின்றபடியே தூங்குகிறவன்.
கூச்சம் அறவே கிடையாது. தோள் அகலம்.
பதினான்காம் நிமிடத்தைப் பற்றி மட்டும்
முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

வெளியே பனிவாரி வண்டி தெருவைச் சுரண்டிப் போகிறது.
ஏழு கட்டங்கள் எப்படியோ நிரம்பிவிட்டன.
கணிதத்தை இன்னும் எதிலும் போடவில்லை.